அளவெடுக்க வந்த சொட்டு அக்கா

சொட்டு அக்காவுக்குத் தைக்கத் தெரியாது. ஊசியில் நூல் கோப்பதற்குள் ஒரு யுகம் ஆகிவிடும். ஆனாலும் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் தையல்காரிதான். கழுத்தில் அளவு நாடா, தோளில் துணிப்பை, வாயில் ஓயாத பேச்சு.

அவளுடைய உண்மையான வேலை ஆஸ்பத்திரியில். எச்.ஐ.வி. இருக்கிற கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, மாத்திரையை விடாமல் போட வைப்பது, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தைரியம் சொல்வது. ஆஸ்பத்திரி அட்டையை மாட்டிக்கொண்டு வந்தால் அக்கம்பக்கம் துருவித் துருவிக் கேட்கும். நாடாவை மாட்டிக்கொண்டு வந்தால், "எனக்கும் ஒரு கவுன் தைச்சுக் குடேன்" என்று மட்டும்தான் கேட்கும். கேட்டவர்களிடம் மறுக்க முடியாமல் அளவெடுத்துக்கொண்டு போவாள், வேறு யாரிடமோ தைத்து வாங்கி வருவாள். ஒரு கை நீளமாகவும் இன்னொரு கை குட்டையாகவும் இருக்கும். "இதுதான் இப்போ ஃபேஷன்" என்று கூசாமல் அடித்துவிடுவாள்.

எனக்கும் என் கணவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது நான் கர்ப்பமாக இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் தெரிந்தது. என் மாமியாருக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அந்தச் செய்தியோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் சொட்டு அக்கா. "எனக்கும் இருக்கு. பாரு, நல்லா குண்டாத்தானே இருக்கேன்?" என்றாள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். "போங்க அந்தப் பக்கம்!" என்று எரிந்து விழுந்தேன். அவள் போகவில்லை.

மகள் பிறந்ததும் வீட்டுக்கே வந்துவிட்டாள். "ஆறு மாசத்துக்கு உன் பால் மட்டும்தான். ஆஸ்பத்திரியில குடுத்த மருந்தைத் தவிர வேற ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. தண்ணியும் ஒரு சொட்டு கூடாது, தேனும் ஒரு சொட்டு கூடாது." வாயைத் திறந்தாலே சொட்டுதான். பெயரும் அதனால்தான் வந்தது.

என் கணவர் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். எங்கள் வாசல் முழுக்கக் கேன்தான். மாமியாருக்கு அதுவே ஆற்றாமை. "ஊருக்கெல்லாம் தண்ணி சப்ளை பண்றோம், நம்ம வீட்டுப் பச்சப்புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி கிடையாதா? இதென்ன அநியாயம்!" என்று வெயில் ஏற ஏறப் புலம்புவார். கரண்டியும் கையுமாகத் தொட்டிலைச் சுற்றிச் சுற்றி வருவார். நான் ஒரு முறை முறைத்ததும் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஆனால் ஆபத்து மாமியார் பக்கமிருந்து வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் என் கணவர் பால் பவுடர் டின்னோடு வந்தார். அவருக்கு மகள் என்றால் உயிர். யாரிடமும் கேட்காமல், தானாகவே ராப்பகலாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"ஒரு வேளை உன் பால், ஒரு வேளை டின் பால். உன் பால் பாதி குறைஞ்சா ஆபத்தும் பாதி குறைஞ்சிடும்ல?" என்று ரகசியமாகக் கேட்டார்.

கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது! என் மகள் பால் குடிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்து செத்துக்கொண்டிருந்தவள் நான். சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர் வெந்நீர் வைத்து, பவுடரைக் கலக்கி, புட்டியை ஆறவைத்துவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பினார். மாமியாருக்கோ வாயெல்லாம் பல். "இப்பவாவது உங்களுக்குப் புத்தி வந்துச்சே" என்று பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு புட்டிக்குக் கை நீட்டினார்.

அந்த நேரத்தில்தான் நாடாவும் பையுமாகச் சொட்டு அக்கா உள்ளே நுழைந்தாள். டின்னைப் பார்த்தாள். புட்டியைப் பார்த்தாள். மாமியார் எதிரில் எதைச் சொல்ல முடியும்? "அப்பா, என்ன வெயில், நாக்கு வறண்டு போச்சு!" என்றபடி புட்டியைப் பிடுங்கி, மூடியைத் திருகி, மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

"அடிப் பாவி! குழந்தைக்கு வெச்சதைக் குடிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று மாமியார் கத்தினார்.

"தாகம்மா, மன்னிச்சிடுங்க. கவுனுக்கு அளவு எடுத்துட்டு ஓடிடறேன்" என்று என்னைப் பின்கட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாடாவை என் முதுகில் சுற்றி, காதோடு காதாகப் பேசினாள்.

"பாதிப் பாதி வேணவே வேணாம்மா. குடுத்தா உன் பால் மட்டும் குடு, இல்லேன்னா டின் பால் மட்டும் குடு. ரெண்டையும் கலந்தா ஆபத்து குறையாது, கூடும். பிஞ்சுக் குடல், வெளிப்பால் பட்டா புண்ணாகும். அது வழியாத்தான் நோய் உள்ள ஏறும். நீ மாத்திரை தவறாம போடறே, பரிசோதனையில நோய் நல்லா அடங்கியிருக்கு. உன் பாலை நம்பு."

பிறகு வெளியே வந்து மாமியார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தாய்ப்பாலிலேயே தண்ணீர் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கும் ஆறு மாதம் அது போதும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "என் தங்கச்சி புள்ளைக்கு வேற பாலும் தண்ணியும் குடுத்து வயித்தால போயி, பட்ட பாடு கொஞ்சமில்ல" என்றாள். தங்கச்சி கதை பொய். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது. மற்றதெல்லாம் உண்மை. அதோடு மாமியார் கட்சி மாறினார். பிள்ளை வாயருகே யாராவது விரலைக் கொண்டுபோனாலே, "எடு கையை!" என்று அதட்டுவார். என் கணவரிடம் அக்கா ஆஸ்பத்திரியில் வைத்துப் பேசினாள். அவர் வீட்டுக்கு வந்ததும் பிரித்த டின்னைக் குப்பையில் போட்டுவிட்டு, மகளைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் என் பால் மட்டும். பிறகு அக்கா சொன்னபடி சோறும், கூடவே என் பாலும். இடையில் எடுத்த பரிசோதனைகளில் குறை எதுவும் இல்லை. பால் மறக்கடித்துச் சில மாதம் கழித்துக் கடைசிப் பரிசோதனை. முடிவு வரும் நாளில் மகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உங்க பொண்ணுக்கு எச்.ஐ.வி. இல்ல. கூட்டிட்டுப் போங்க." என் கணவர் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் வராந்தாவுக்கு ஓடினேன், சொட்டு அக்காவைத் தேடி. செய்தியைச் சொன்னதும் அவள் ஓவென்று அழுதுவிட்டாள். என்னைவிட அதிகமாக அழுதாள்.

"நீங்க எதுக்குக்கா அழறீங்க? உங்களுக்கு நான்தான் கோயில் கட்டிக் கும்பிடணும்" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் பெரிய பொண்ணுக்கும் இருக்கு. மாத்திரை சாப்பிடறா. நல்லாத்தான் இருக்கா, நல்லாப் படிக்கிறா. ஆனா தினமும் அவ மாத்திரையை முழுங்கும்போது நான் பக்கத்துல நிப்பேன். அவளுக்கு நான் பாதிப் பாதிதான் குடுத்தேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். அப்போ எங்க வீட்டுக்கு யாரும் வரலம்மா."

அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளோ அதற்குள் பையை எடுத்துத் தோளில் போட்டாள். பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு முந்தாநாள்தான் பிள்ளை பிறந்திருக்கிறதாம், பால் கொடுக்கப் பயந்து அழுதுகொண்டே இருக்கிறாளாம். மகளை அவள் அப்பாவிடமே விட்டுவிட்டு, "இருங்கக்கா, நானும் வரேன்" என்று கூடவே நடந்தேன்.