அக்காவின் படையலில் இரண்டாவது இலை

எமது அன்பு அக்கா கரவெட்டியில் பிறந்தார். எனக்கிருந்த ஒரே கூடப்பிறப்பு அவர்தான். யுத்தம் எங்களைச் சுவிஸுக்குத் துரத்தியபோது நான் ஓல்டனில் ஒரு களஞ்சியத்தில் வேலை பிடித்தேன். அக்கா ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்க எங்கடின் மலைப் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கிருந்து ஓர் அமெரிக்க அம்மையாரின் மாளிகைக்கு மாறியவர், பத்தொன்பது வருடங்கள் அங்கேயே இருந்துவிட்டார். பேசிவந்த சம்பந்தங்களையெல்லாம், "நான் போனால் மனிசியை ஆர் பாக்கிறது?" என்று தட்டிக்கழித்தார். எனக்கு அப்போது எரிச்சல் வரும். இப்போதும் வருகிறது.

அம்மையாரின் பூட்டனார் இரும்பாலைகள் கட்டிப் பெரும் கோடீஸ்வரர் ஆனவர். தண்டவாளம் வார்த்தே ஒரு நகரத்தை உண்டாக்கினாராம். அந்தச் சொத்து நான்கு தலைமுறை இறங்கி வந்தது. கூடவே வழக்குகளும் வந்தன. அம்மையாரின் கூடப்பிறந்தவர்களுடைய பிள்ளைகளான பெறாமக்கள் அவருடன் வழக்கறிஞர்கள் மூலம்தான் கதைப்பார்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருபது கதிரைகள். அம்மையாரோ தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, அக்கா அவித்த பிட்டை வாழைப்பழத்தோடு வெள்ளி முள்ளுக்கரண்டியால் சாப்பிடுவாராம்.

"தம்பி, அவவுக்கு உலகம் முழுக்க வீடு. ஒரு போன் எடுத்துக் கதைக்கத்தான் ஆள் இல்லை," என்பார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுப்பதைத் தவிர அக்காவுக்கும் வேறு போன் வந்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அம்மையார் காலமானபோது தகனத்துக்கு வந்தவர்கள் இரண்டு வழக்கறிஞர்களும் அக்காவும்தான். மறுநாளே கதிரை, கரண்டி என்று எல்லாவற்றிலும் ஏலத்துக்கு இலக்கம் ஒட்டினார்கள். மாளிகை பூட்டப்பட, அக்கா அதே கிராமத்தில் ஒரு வாடகை அறைக்குப் போனார். அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அவவின்ரை முப்பத்தோராம் நாளுக்கு உன்ரை வீட்டிலை ஒரு படையல் போடுவமோ? இந்த அறையிலை சமைக்க விடமாட்டினம்."

"வெள்ளைக்காரிக்கு எங்கடை வீட்டிலை படையலோ? சனம் சிரிக்கும், அக்கா."

"ஓம், அதுவும் சரிதான்," என்றார். அவர் என்னைக் கோபித்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு அக்கா ஓல்டனுக்கு வரவேயில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டால், "பனி கூடிப்போச்சு, பிறகு வாறன்," என்பார். நானும் போகவில்லை. ரயிலில் நான்கு மணித்தியாலம், எனக்கு ஷிப்ட் வேலை என்று சாட்டு வைத்திருந்தேன். இந்த மாரியில் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அக்காவின் கை குளிர்ந்துவிட்டிருந்தது. பார்க்க வருபவர்களுக்கான கதிரை சுவரோரமாக மடித்தபடியே கிடந்தது.

கடைசிவரை அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், பனியில் பயணம் செய்து இறுதிக்கிரியைக்கு வந்தவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள். வீட்டுக்கு வருபவர்கள் படையலில் இரண்டு இலைகளைக் காண்பீர்கள். ஒன்று அக்காவுக்கு. மற்றதில் பிட்டும் வாழைப்பழமும், பக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டியும் இருக்கும். தவறி வைத்ததென்று நினைத்து யாரும் அதை எடுத்துவிட வேண்டாம். அக்கா என்னிடம் கேட்ட ஒரேயொரு உதவி அதுதான். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

துயருடன்,
தம்பி
ஓல்டன்