வெங்காய வண்டி வழிவிட்ட கதை

தாசையன் போய்விட்டார் என்று தெரிந்தபோது நான் காட்டாக்கடைச் சந்தையில் மீன்காரியோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். சாளை வாங்கிவரும்படி முந்தின ராத்திரி சொன்னது அவர்தான். அயிலை என்றால் அவருக்கு ஆகாது. அதற்கொரு தனிக்கதை உண்டு, இருக்கட்டும். எங்கள் ஊரான கொல்லயிலின் ஆட்டோக்காரர் வந்து தோளைத் தொட்டார். "அண்ணாச்சி, வீட்டுக்கு வாரும். தாசையண்ணன் எழும்பல்ல."

அடக்கத்தில் போதகர் அவரது பொறுமையைப் புகழ்ந்தார். தொண்ணூறுகளில் கேரள எல்லையில், பாறசாலை செக்போஸ்ட் வரிசையில், பின்னால் வந்த லாரிகளையெல்லாம் முன்னால் போகவிட்டவராம். பழைய டிரைவர்மாரே, நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. துண்டால் வாயைப் பொத்தினேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்.

அந்த வரிசையை நாம் எல்லோரும் வைதோம். அவர் மட்டும் வையவில்லை. மகாராஷ்டிரா வெங்காயத்தோடு வருவார், ஓரமாக ஒதுங்கி எல்லோருக்கும் கைகாட்டுவார். ஒருமுறை வெங்காயம் முளைத்தே போயிற்று. "எலே தாசையா, நான் வெங்காயம் கேட்டனா, தோட்டம் கேட்டனா?" என்றார் முதலாளி. இன்னொரு தடவை இப்படியானால் சாவியை வாங்கிவிடுவதாகவும் சொன்னார்.

நான் ஆந்திராவிலிருந்து அரிசி கொண்டுவருவேன். போகும் ஊரில் பேச்சும் புரியாது, பலகையும் படிக்கத் தெரியாது. நாள்கணக்கில் ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டு வருபவன். பாறசாலை வந்தால் எனக்கு முன்னால் எப்போதும் அந்த வெங்காய வண்டி நிற்கும். நிழலில் ஸ்டவ் எரியும், மரச்சீனிக் கிழங்கு வேகும், எனக்கும் ஒரு தட்டு இருக்கும். தற்செயல் என்றே எண்ணியிருந்தேன்.

வேலை போய்விடுமே, எதற்கு இந்தத் தர்மம் என்று, முதலாளி மிரட்டியதற்கு அடுத்த நடையில் கேட்டேன். அவர் மரச்சீனியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்:

"தர்மமா? நீ பொறவால வாறேன்னு காவல்கிணறு டீக்கடையில சொன்னாவ மக்கா. நான் முன்னால போயிட்டா ஆரு கூட சோறு திங்க? நீ உண்டுன்னா இந்த லைனுக்கு நீளம் போதாதாக்கும்."

அவர் கையைப் பிடித்தேன். கரண்டியும் சேர்ந்துதான் கையில் வந்தது. வரிசை நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நானும் ஓரமாக ஒதுங்கி, எல்லோருக்கும் கைகாட்டினேன்.

லாரியை விட்டபிறகு கொல்லயிலில் ஒரே வீட்டில் இருந்தோம். வாடகை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றது ஊர். அதுவும் நல்லதாயிற்று.

இப்போது ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர்களை முன்னால் விடுகிறேன். தாசையனின் தர்மகுணம் உமக்கும் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். ஆமாம், அதேதான் என்கிறேன்.