கண்ணுக்குத் தெரியாத தையல்

கிழிசலை முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். பிறகுதான் கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார். "ஆணி இழுத்ததுங்க இது" என்பார்; "இது எலி வேலை" என்பார். தைத்த இடத்தை யாராவது கண்டுபிடித்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்படியொரு வீம்பு இந்த டெய்லருக்கு. பக்கத்துச் செருப்புக்கடைக்காரன் நான். அவரைச் சீண்டவென்றே துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பேன். ஒருநாளும் அகப்பட்டதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு வருவாள். ஒருநாள் சீருடைச் சட்டையின் கை கிழிந்திருக்கும், இன்னொரு நாள் காலர். "கம்பியில மாட்டிக்கிச்சுப்பா."

கம்பி இழுத்தால் நூல் பிசிறும். இது கத்தரி வெட்டு, ஓரம் நேராக இருக்கும். அது அவர் விரலுக்குத் தெரியாதா? "குடு கண்ணு" என்பதோடு சரி. மறுநாள் புதுசுபோல் தைத்துக் கொடுத்து அனுப்புவார். "கேட்டா கூனிக்குறுகிப் போயிடுவா. கிழிஞ்சதோட போகாம பாத்துக்கிட்டா போதும்" என்றார் என்னிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் பள்ளியில் யாரோ அவள் பின்னலையும் வெட்டிவிட்டார்கள். முடியை அவரால் தைக்க முடியவில்லை.

சட்டைகளை வாரிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். துணைக்கு நானும் போனேன். தலைமையாசிரியை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்கங்க வெட்டியிருக்கு? ஒண்ணுமே தெரியலையே. முடியையும் அவளேதான் வெட்டிக்கிட்டான்னு மத்த பிள்ளைங்க சொல்றாங்க."

இதே வார்த்தையைக் கடையில் யாராவது சொல்லியிருந்தால் பூரித்துப்போயிருப்பார். அங்கே சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து எடுத்துக்கொண்டார்.

கடையில் காத்திருந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னார். "நீங்க ரொம்ப நல்லாத் தைச்சிட்டீங்கப்பா" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"யாரு கண்ணு வெட்டுனது?" முதல் தடவையாகக் கேட்டார்.

"வெட்டுனதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் ஏம்ப்பா கேக்கல?"

அவர் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு சட்டையை மடியில் விரித்தார். பிளேடை எடுத்து, தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார். வெட்டு மெல்ல வாயைத் திறந்தது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். துணி நழுவாதபடி மறுமுனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.