மங்களத்தின் வேனைத் தேடியவர்கள்

மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில் இருக்கும் ரெம்பியாவில் மங்களத்தின் வெள்ளை வேனைத் தெரியாதவர்கள் குறைவு. சக்கர நாற்காலியோடு ஆளை அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் வேன் அது. டயாலிசிசுக்குப் போகிறவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, திரும்ப வாசலிலேயே இறக்கிவிடுவது அவர் தொழில். நியாலாஸ் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவர். பல வருடம் பள்ளி பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்த அப்பாவைக் காரில் ஏற்றி இறக்கப் பட்ட பாடுதான் இந்த வேனை வாங்க வைத்தது.

ஒருநாள் மருத்துவமனை வாசலில், செர்காமிலிருந்து அப்பாவை அழைத்து வந்திருந்த வாணி என்ற பெண் வேனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாதுக்கா. கூகுள்ல எவ்வளவோ தேடினேன். அப்பாவைத் தூக்கித் தூக்கி அண்ணனுக்கு இடுப்பே போச்சு."

மங்களத்துக்கு இணையத்தளம் இருந்தது. ஆனால் தேடுகிறவர் கண்ணில் அது படவே இல்லை. அதைச் சரிசெய்ய, கூகுள் தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் ஓர் எஸ்.இ.ஓ. ஆலோசகரை அமர்த்த முடிவு செய்தார்.

முதலில் வந்தவர் நிவேந்திரன். ஒரே வாரத்தில் கூகுளில் முதலிடம் என்றார். பாராட்டு விமர்சனங்களையும் அவரே ஆள் வைத்து எழுதிப் போடுவாராம்.

"நான் ஏத்தாத ஆளு என்னை எப்படி தம்பி பாராட்டுவாரு?" என்று கேட்டார் மங்களம்.

"எல்லாரும் செய்யறதுதான்லா அக்கா."

"உடம்புக்கு முடியாதவங்க நம்பி ஏறுற வண்டி இது. எனக்கு அது வேணாம்."

அடுத்து மலாக்கா டவுனிலிருந்து தேவிஸ்ரீ வந்தாள். வாக்கு எதுவும் தரவில்லை. "முதலிடம் வரும்னு யாராலயும் சொல்ல முடியாதுக்கா. சில மாசம் ஆகும். என்ன செஞ்சேன், அதுல என்ன மாறுச்சுன்னு மாசாமாசம் காட்டுறேன்," என்றாள். பிறகு, ஒருநாள் முழுக்கத் தானும் வேனில் வரலாமா என்று கேட்டாள். மங்களம் அப்போதே அவளை அமர்த்திக்கொண்டார்.

வேனில் ஏறிய ஒவ்வொரு குடும்பத்திடமும், இப்படி ஒரு வண்டி வேண்டுமென்றால் கைப்பேசியில் என்ன தட்டுவீர்கள் என்று தேவிஸ்ரீ விசாரித்தாள். சக்கர நாற்காலி வேனை 'வேன் கெருசி ரோடா' என்று மலாயில் சொன்னார் ஒரு மலாய் அம்மா. 'டயாலிசிஸ் வேன் மலாக்கா' என்றார் இன்னொருவர். தளத்தின் முகப்பிலோ, 'நோயாளி நகர்வுத் தீர்வுகள்' என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக எழுதியிருந்தது.

"இதை யாருக்கா தேடுவா?"

"கேக்க நல்லா இருக்கேன்னு நான்தான் எழுதச் சொன்னேன்," என்று மங்களம் சிரித்துவிட்டார்.

தேவிஸ்ரீ எல்லாவற்றையும் மக்கள் பேசும் சொற்களில், மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி எழுதினாள். எந்தெந்த ஊருக்கு வேன் வரும் என்பதைத் தெளிவாகப் போட்டாள். விமர்சனங்களைப் பயணம் செய்தவர்களே எழுதினார்கள். அம்மாவோடு வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று ஒருவர் மலாயில் எழுதியிருந்ததை மங்களம் திரும்பத் திரும்பப் படித்தார்.

கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஜாசினிலிருந்து ஓர் அழைப்பு, மஸ்ஜிட் தானாவிலிருந்து இன்னொன்று என்று வரத் தொடங்கி, ஒரு வேன் போதாமல் போனது. இரண்டாவது வேனை ஓட்ட, தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஜானகியைச் சேர்த்துக்கொண்டார்.

ஜானகியின் முதல் பயணத்தில் மங்களமும் பக்கத்தில் உட்கார்ந்து போனார். கிளினிக் தாதி வெளியே வந்து புது வேனைப் பார்த்தாள்.

"யாரோட வண்டிக்கா?"

"எங்களோடதுதான்," என்றார் மங்களம். "மலாக்காவுல எங்கிருந்து கூப்பிட்டாலும் வருவோம்."