போல்டரை மறைத்தோம், பெயர் தெரிந்தது

1. முதல் நாள்

கிளிநொச்சியில் பெண்களுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றில் கணினி இயக்குநராகச் சேர்ந்தபோது, அலுவலகம் முழுவதற்கும் ஒரே கணினிதான் இருந்தது. இணைப்பாளர் அதில் மாத அறிக்கை எழுதுவார். கணக்காளர் வவுச்சர் அடிப்பார். ஆலோசகர் றஞ்சி அக்கா, தன்னிடம் வரும் பெண்கள் சொல்வதைக் கோப்பாக்கி வைப்பார். வாகன ஓட்டுநர் கேதீஸ் அண்ணை, வான் ஓடிய தூரத்தைக் காட்டும் ரன்னிங் சார்ட்டை மாதக் கடைசியில் வந்து அடிப்பார். கணினியைப் போட்டால் நேராக டெஸ்க்டொப் வரும். பாஸ்வேர்ட் கிடையாது.

பெண்களின் கோப்புகள் எங்கே என்று முதல் நாளே றஞ்சி அக்காவிடம் கேட்டேன்.

“அது ஒளிச்சு வைச்சிருக்கு பிள்ளை. உமக்கு முதல் இருந்த பெடியன் செய்து தந்தவன். ஒருத்தருக்கும் தெரியாது.”

பார்த்தேன். போல்டரின் ப்ரொபர்ட்டீஸில் ‘ஹிடன்’ என்ற இடத்தில் சரி போட்டிருந்தது, அவ்வளவுதான். மேலே வியூவுக்குப் போய் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ என்பதைத் தட்டினேன். போல்டர் மங்கலாக வந்து நின்றது. அக்காவின் முகம் மாறியது.

“அப்ப இவ்வளவு நாளும்?”

“ஒருத்தரும் தேடேல்லை அக்கா.”

ஆளுக்கொரு யூசர் அக்கவுண்டும் பாஸ்வேர்டும் போட வேண்டும் என்று இணைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அதனால்தான் தயங்கினார்.

“இஞ்ச நாங்கள் ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறம். திடீரெண்டு பாஸ்வேர்ட் போட்டா கேதீஸ் என்ன நினைப்பான்? தன்னைக் கள்ளன் எண்டு சொல்லுற மாதிரியெல்லோ இருக்கும்.”

“அவரை நினைச்சுச் சொல்லேல்லை சேர்.”

“பாப்பம்,” என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

2. வேர்ட் திறந்தபோது

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு வதனியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினேன்.

வதனி கேதீஸ் அண்ணையின் தங்கை. முரசுமோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருசன் அடிப்பான். அண்ணன் வானோடு வெளியே போகும் நாள் பார்த்து பஸ்ஸில் வந்து றஞ்சி அக்காவைச் சந்தித்துவிட்டுப் போவாள். அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்பது அவள் வைத்த ஒரே நிபந்தனை. “தெரிஞ்சா அவனை வெட்டிப்போட்டு, பொலிஸில பிடிபட்டு மறியலுக்குப் போயிடுவார். பிறகு அம்மாவை ஆர் பாக்கிறது?” என்று கேட்டிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஒரு மாதக் கடைசியில் கேதீஸ் அண்ணை சார்ட் அடிக்க உட்கார்ந்து வேர்டைத் திறந்தார். நான் பிரிண்டருக்குப் பேப்பர் வைத்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை, உதில என்ர தங்கச்சியின்ர பேர் கிடக்கு.”

எட்டிப் பார்த்தேன். கடைசியாகத் திறந்த கோப்புகளை வேர்ட் தானாகவே காட்டும். போல்டரை மறைத்தது அதற்குத் தெரியாது. ‘வதனி முரசுமோட்டை’ என்று முதல் வரியிலேயே இருந்தது. அவருடைய கை மவுஸில் இருந்தது. ஒரு கிளிக் போதும்.

“திறக்காதேங்கோ அண்ணை.”

“ஏன்?”

“அவ றஞ்சி அக்காவுக்குச் சொன்னது. உங்களுக்குச் சொல்லேல்லை.”

மவுஸிலிருந்து கையை எடுத்தார். எழுந்து போய் றஞ்சி அக்காவின் அறை வாசலில் நின்றார்.

“மிஸ், அவன் வதனிக்கு அடிக்கிறானோ?”

“இஞ்ச ஆர் வந்தது, என்ன சொன்னது எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை, கேதீஸ்.”

“சொல்லாட்டியும் விளங்குது.”

சுவரில் தொங்கிய வான் திறப்புக் கொத்தை எடுத்தார். றஞ்சி அக்கா கதிரையை விட்டு எழும்பினார்.

“எங்க போறியள்?”

“முரசுமோட்டைக்கு.”

“நீங்கள் இப்ப போய் அவனில கை வைச்சா, நாளைக்கு ஒரு பொம்பிளையும் இஞ்ச வரமாட்டா. உங்கட தங்கச்சியும் வரமாட்டா.”

“அப்ப நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ.”

“இருங்கோ. அவவோட கதைச்சிட்டு வாறன்.”

கதவைச் சாத்திக்கொண்டு அக்கா போன் எடுத்தார். கேதீஸ் அண்ணை திறப்பைக் கையில் பொத்திக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. அந்தப் பக்கம் வதனி முதலில் அழுதாளாம். பிறகு கோபப்பட்டாளாம். “ஒருத்தருக்கும் தெரியவராது எண்டுதானே சொன்னனீங்கள்?” அக்கா சாட்டுச் சொல்லவில்லை. பிழை எங்களுடையது என்று மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வதனி பிள்ளைகளோடு வந்தாள். அண்ணனும் தங்கையும் றஞ்சி அக்காவும் உள்ளே இருந்து நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் கேதீஸ் அண்ணை அவளையும் பிள்ளைகளையும் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார். புருசன் வீட்டுப் பக்கம் போகவில்லை. பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் றஞ்சி அக்காவே அவளோடு அலைந்தார். புருசன் அவளை நெருங்கக்கூடாது என்ற பாதுகாப்புக் கட்டளை கிடைத்தது.

நல்லபடியாக முடிந்தது என்று சொல்வார்கள். ஆனால் அதன் பிறகு வதனி எங்களிடம் வந்த ஒவ்வொரு முறையும், பேசத் தொடங்குமுன் றஞ்சி அக்காவிடம் ஒன்று சொல்வாள்: “எழுதாதேங்கோ மிஸ். கேளுங்கோ.”

3. பிறகு செய்தவை

இணைப்பாளர் தானே என் மேசைக்கு வந்தார். “நீர் அண்டைக்குச் சொன்னதைச் செய்யும் பிள்ளை,” என்றார்.

ஆளுக்கொரு அக்கவுண்ட் போட்டேன். கோப்புகளுக்குப் பெயரை எடுத்துவிட்டு இலக்கம் வைத்தோம். கடைசியாகத் திறந்தவற்றைக் காட்டுவதை வேர்டில் நிறுத்தினேன். எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போக எல்லாருக்கும் பழக்கினேன்.

ஒரு விசயம் மிஞ்சியது. அட்மின் அக்கவுண்ட் என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு யாருடைய போல்டருக்குள்ளும் நான் போகலாம். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்ட் போடும்படி றஞ்சி அக்காவிடம் சொன்னேன்.

“உமக்கும் சொல்லக்கூடாதோ?”

“எனக்கும் சொல்லக்கூடாது அக்கா.”

“மறந்துபோனா?”

“மறந்தா என்னாலயும் திறக்கேலாது. கவனமா வையுங்கோ.”

கடைசியாகக் கேதீஸ் அண்ணையின் முறை வந்தது. இணைப்பாளர் பயந்ததுபோல அவர் ஒன்றும் நினைக்கவில்லை. பாஸ்வேர்ட் அடிக்கச் சொல்லிவிட்டு நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன்.

“பாருங்கோ பிள்ளை, காரியமில்லை. என்ர சார்ட்டில என்ன கிடக்கு?”

“பாக்கக்கூடாது அண்ணை.”

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தார். நேரம் எடுத்தது. முடிந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் திரும்பினேன்.

இப்போது என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு ஹிடனும் அக்கவுண்டும் பிறகுதான். பக்கத்தில் ஒருவர் பாஸ்வேர்ட் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.