சீசனுக்கு விட்ட வீடு

மூன்றரை வயதுக் குழந்தைக்கு எது தன் வீடு என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? போன ஆடியிலிருந்து யோசிக்கிறேன், இன்னும் விளங்கவில்லை.

எங்கள் வீடு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. சாரல் தொடங்கியதும் அந்தப் பக்கத்தில் பலரும் செய்வதைத்தான் நாங்களும் செய்வோம். பீரோவைப் பூட்டிவிட்டு, அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தென்காசியில் மதினி வீட்டுக்குப் போய்விடுவோம். மதினி என் கணவரின் அக்கா. கணவர் ராணுவத்தில் இருப்பதால் போவது அவருடைய அம்மாவான அத்தையும் நானும் மகளும்தான். முன்பெல்லாம் சனி, ஞாயிறு மட்டும். போன வருடம் ஆடி மாதம் முழுவதற்கும் விடலாமா என்று அத்தை கேட்டார். சரி என்றேன். யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

மதினி வீடு எங்கள் வீட்டைவிட வசதியானது. மகள் நன்றாகச் சாப்பிட்டாள், விளையாடினாள், தூங்கினாள். இரண்டுக்கு மட்டும் போகவில்லை. இரண்டாம் நாள் வாழைப்பழம் கொடுத்தேன். மூன்றாம் நாள் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடம் மாறினால் சில குழந்தைகள் இப்படி அடக்கும் என்று மருந்து எழுதினார். அதற்கும் அசையவில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்கச் சுவரைப் பிடித்தபடி நிற்பாள்.

“எங்க வீட்டு பாத்ரூம் மகாராணிக்குப் பிடிக்கலியாம்லா” என்று மதினி சிரித்தார்.

“நீதான் மணிக்கொருக்க கேட்டுக் கேட்டு அவளப் பயங்காட்டுத. சும்மா விடு, போயிருவா” என்றார் அத்தை. அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஐந்தாம் நாள் காலையில் இட்லியையும் தள்ளிவிட்டாள். வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“அங்கன ஆளு இருக்காங்கல்லா. என்னன்னு சொல்லிப் போவ?” என்று அத்தை கேட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. கொடியெல்லாம் அவர்களுடைய ஈரத்துண்டுகள். வாசலுக்கு வந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“அட, இதுக்குப் போயா தயங்குறீங்க? உள்ள வாங்க. உங்க வீடுதான?” என்றார்.

அவர் அப்படிச் சொல்லியும் எனக்குச் சட்டென்று கால் வரவில்லை. மகள் கையை உதறிவிட்டு நேராக நடந்தாள். கூடத்தில் படுத்திருந்தவர்களைச் சுற்றிக்கொண்டு குளியலறைக்குள் போய், “நீ வெளிய நில்லு” என்றாள். உள்ளே தரை சொதசொதவென்று இருந்தது. சோப்பு எங்களுடையதில்லை, வாளிகூட எங்களுடையதில்லை. மதினி வீட்டுச் சுத்தம் துளியும் இல்லை. எதைப் பார்த்து அவள் உடம்பு இளகியது என்று தெரியவில்லை. முதலில் வலியில் அழுதாள். அப்புறம் அமைதியானாள்.

வெளியே வந்து அந்த அம்மாவிடம், “நீங்க எப்ப ஒங்க வீட்டுக்குப் போவீய?” என்று கேட்டாள்.

“ஞாயித்துக்கெழம போயிருவோம் தாயி” என்று அவர் சிரித்தார்.

“அப்ப நாம வரலாம்லாம்மா?” என்று என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையே அடுத்த குடும்பம் வருவதாக இருந்தது. அதை அவளிடம் சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றினேன். அந்த மாதம் முடிவதற்குள் இன்னும் மூன்று முறை, வேறு வேறு ஆட்களிடம், அதே வாசலில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

இந்த வருடமும் ஆடிக்கு வீடு கேட்கிறார்கள். “ஒனக்கு எப்பிடித் தோணுது?” என்று அத்தை முதல்முறையாக என்னிடம் விட்டிருக்கிறார். கணவர் போனில், “நானும் தெரியாத ஊர்லதான கெடக்கேன். பழகிரும்” என்கிறார். எத்தனை வருடத்தில் பழகியது என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளை பழகத்தான் வேண்டும் என்றும் படுகிறது. அந்த முகம் சிவந்து நின்றதை நினைத்தால் வேண்டவே வேண்டாம் என்றும் படுகிறது.

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். பழகட்டும் என்று மறுபடியும் கூட்டிப்போவதா, வீட்டை விடவேண்டாம் என்று சொல்வதா? இந்த வாரத்துக்குள் அத்தைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.