பெட்ரோல் மூடியில் வைத்த பொட்டு

1997 அக்டோபர் 11, ஆயுத பூஜைக்கு மறுநாள், காலை 8.40, மெல்லிய தூறல். மகனைப் பின்னால் உட்கார வைத்து பெங்களூர் மல்லேஸ்வரத்திலிருந்து ஓட்டிவந்த என் பதினேழு வருட மோட்டார் சைக்கிள் அடுகோடியில் நின்றுவிட்டது. நாற்பத்து மூன்று முறை உதைத்தும் கிளம்பவில்லை.

"போதும்ப்பா. பழைய இரும்புக்குப் போட்டுடலாம். அறுபத்தாறு வயசுல உங்களுக்கு எதுக்கு வண்டி?" என்றான் மகன்.

"இது போச்சுன்னா எங்க போறதுக்கும் உன்னைக் கேக்கணும். மாட்டேன்."

எதிர்ப் பட்டறையிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். இன்ஜினைத் தொடவே இல்லை. பெட்ரோல் டேங்க் மூடியைப் பார்த்துச் சிரித்தார்.

"நேத்து பூஜை போட்டீங்களா சார்? காத்து போற ஓட்டையில சந்தனத்தை அப்பிட்டீங்களே! காத்து போகலேன்னா பெட்ரோல் எப்படி இறங்கும்? காலையிலேருந்து நீங்க மூணாவது ஆளு."

காய்ந்த சந்தனத்தைக் கம்பியால் குத்தி எடுத்தார். இரண்டாவது உதையில் வண்டி உறுமியது.

அந்தப் பொட்டை வைத்தது நான்தான். ஆனால் நாற்பது உதைக்குப் பிறகு, வண்டிக்கு வயதாகிவிட்டதால்தான் நின்றுவிட்டது என்று மகனைப் போல நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"தப்பு என்னோடது, வண்டியோடது இல்ல. விக்க மாட்டேன். ஏறு" என்றேன். ஏறினான்.

பாய் கேட்ட கூலி ஐந்து ரூபாய்.